மூன்று முறை தோற்ற பிறகு நான்காவது முறை எப்படி உட்காருவது?

வாசகர் கேள்வி: நான் அருப்புக்கோட்டை பக்கம். வயது 29, பி.காம். முடித்திருக்கிறேன். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். நான்கு வயதில் மகன். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். 2022, 2024, 2025 என்று மூன்று முறை டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குரூப் 4 தேர்வு எழுதினேன். 200-க்கு 138, 149, 146 கேள்விகள் சரி. கடைசித் தேர்வில் தமிழ் 78, பொது அறிவு 49, கணக்கு 19. தெரியாத 11 கேள்விக்கு ‘விடை தெரியவில்லை’ வட்டத்தைக் கருப்பாக்கினேன். ஒவ்வொரு தடவையும் ஆறாம் வகுப்பு அறிவியலில் ஆரம்பித்து எல்லாப் புத்தகமும் படித்துத்தான் போகிறேன். கோச்சிங்குக்கு 18,000 ரூபாய் கட்டினோம். “இன்னும் எத்தனை வருஷம் இப்படியே?” என்று மாமியார் கேட்கிறார். இந்த முறை மார்க் கூடவில்லை, குறைந்திருக்கிறது. புத்தகத்தைத் திறந்தாலே கண் கலங்குகிறது. விடாமுயற்சி என்கிறார்களே, அது எங்கிருந்து வரும்? தொடரவா, விட்டுவிடவா?

அன்புள்ள சகோதரிக்கு,

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, தையல் வேலையும் பார்த்துக்கொண்டு மூன்று முறை தேர்வு அறைக்குப் போனவருக்கு விடாமுயற்சியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்களிடம் அது இருக்கிறது. ஆனால் பாடுபடுவதற்கும் கிடைக்கும் பலனுக்கும் என்ன தொடர்பு என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. மாதக்கணக்கில் படித்தும் மூன்று கேள்வி குறைந்தால், ஏன் என்று தெரியாதவரை யாருக்கும் கை ஓடாது. அதனால் மனதைத் தேற்றுவதை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மார்க் எங்கே போனது என்று பார்ப்போம். அது தெரிந்தால் மறுபடி உட்காரத் தோன்றும்.

முதலில் அந்த 149-க்கும் 146-க்கும் வருவோம். இரண்டும் ஒரே தேர்வு அல்ல. 2025-க்கு முன் தமிழ்ப் பாடத்திட்டமே மாறியது. அந்த ஆண்டு தமிழ்ப் பகுதி கடினமாக இருந்தது என்று தேர்வு எழுதியவர்கள் பரவலாகச் சொன்னார்கள். கடினமான தாளில் எல்லோருக்கும் மார்க் இறங்கும். அதனால் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட மார்க்கைப் பார்க்காதீர்கள், தரவரிசையைப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. தளத்தில் உங்கள் பதிவு எண்ணைக் கொடுத்தால் மார்க்கோடு பொதுத் தரவரிசையும் இனவாரித் தரவரிசையும் வரும். பொதுத் தரவரிசையை அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 2024-ல் வந்த எண்ணைவிட 2025-ல் வந்த எண் சிறியதாக இருந்தால், மார்க் குறைந்தும் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் தரவரிசை இல்லை. தொடரவா விடவா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த ஓர் எண்ணில் இருப்பதால், அதை முதலில் எடுத்து வையுங்கள்.

போட்டி எத்தகையது என்பதையும் மறைக்க வேண்டாம். 2025-க்கான அறிவிக்கை வந்தபோது இருந்த இடங்கள் 3935. பிறகு கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நேர்முகத் தேர்வு கிடையாது, ஒரே எழுத்துத் தேர்வுதான். இந்தக் கூட்டத்தில் இரண்டு மூன்று கேள்வி வித்தியாசத்திலேயே பல்லாயிரம் பேர் நிற்பார்கள். பட்டியலில் பெயர் வராததால் உங்களுக்கு அறிவு போதவில்லை என்று ஆகிவிடாது. அதே சமயம், இன்னும் பத்துக் கேள்வி கூட எடுத்தால் தரவரிசை மொத்தமாகவே மாறிவிடும் என்பதும் இதனால்தான்.

அடுத்த இரண்டு வாரம் புதிதாக எதையும் படிக்காதீர்கள். 2025 கேள்வித்தாள், இறுதி விடைக்குறிப்பு, தேர்வாணையம் இணையத்தில் ஏற்றிய உங்கள் விடைத்தாளின் நகல், இந்த மூன்றையும் மேசையில் வையுங்கள். நகலை இன்னும் எடுக்கவில்லை என்றால், பார்க்கக் கிடைக்கிறபோதே தரவிறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் விட்ட 54 கேள்விகளில் 11 தெரியாதவை என்று நீங்களே குறித்தவை. மீதி 43 தவறாகக் குறித்தவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து போடுங்கள்: இதைப் படித்ததே இல்லை என்றால் ‘ப’, படித்தும் மறந்துவிட்டது என்றால் ‘ம’, இரண்டு விடைகளுக்கு நடுவே நின்று தவறானதை எடுத்தேன் என்றால் ‘கு’, தெரிந்திருந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காமலோ வட்டம் மாற்றியோ விட்டேன் என்றால் ‘க’. நாள் ஒன்றுக்கு நான்கைந்து கேள்விக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் பள்ளிப் புத்தகத்தில் எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று தேடி, பக்க எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இதைச் செய்ய மனம் ஒப்பாது. தோற்ற தாளை மறுபடி விரிப்பது வலிக்கும். அந்த வலிக்குப் பயந்துதான் பெரும்பாலானவர்கள் தாளை மூடி வைத்துவிட்டு, புது நோட்டு வாங்கி, ஆறாம் வகுப்பு முதல் பாடத்தில் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். நீங்களும் மூன்று முறை அதைத்தான் செய்திருக்கிறீர்கள். இதில் நடப்பது இதுதான்: முதல் பாடங்கள் நான்காவது தடவையாக மனப்பாடம் ஆகின்றன, கடைசிப் பாடங்களுக்கு வரும்போது தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

தொடங்கிய இடமும் சரியில்லை. இப்போதைய பாடத்திட்டத்தில் பொது அறிவுக்கு உள்ள 75 கேள்விகளில் பொது அறிவியலுக்கு 5, புவியியலுக்கு 5, இந்திய வரலாறு, பண்பாடு, தேசிய இயக்கத்துக்கு 10. இந்திய ஆட்சியியலுக்கு 15, இந்தியப் பொருளாதாரமும் தமிழக வளர்ச்சி நிர்வாகமும் சேர்த்து 20, தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்களுக்கு 20. கடைசி மூன்றில் மட்டும் 55 கேள்விகள். ஐந்து கேள்விக்காக ஐந்து வகுப்பு அறிவியல் புத்தகங்களை முதலில் எடுப்பவருக்கு, 20 கேள்வி வரும் அலகுக்கு நேரம் இருக்காது. உங்கள் பொது அறிவு 49-ல் நிற்பதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். புதிய அறிவிக்கை வந்ததும் இந்த அலகுப் பங்கீட்டை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, ஆட்சியியல், தமிழ்நாட்டு வரலாறு, பொருளாதாரம் என்ற வரிசையில் தொடங்குங்கள். அறிவியலைக் கடைசியில் வையுங்கள்.

எழுத்துப் போட்டு முடித்ததும் எண்ணிப் பாருங்கள். ‘க’ இருப்பதில் சீக்கிரம் திரும்பக் கிடைக்கும் மார்க் இருக்கிறது. ‘கு’ அதற்கு அடுத்தது, ‘ம’ அதற்கும் அடுத்தது. ‘ப’வுக்குத்தான் மிக அதிக உழைப்பு வேண்டும், பலனும் குறைவு. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: படிக்காததைப் படிக்க ஓடுகிறார்கள், படித்ததைக் கோட்டை விடுகிறார்கள்.

‘கு’வுக்கென்று ஒரு தனி நோட்டு போடுங்கள். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, குழப்பும் இரண்டையும் எதிரெதிரே எழுதுங்கள். இலக்கணத்துக்கு 25 கேள்விகள் இருப்பதால் அங்கிருந்து ஓர் எடுத்துக்காட்டு: மலரடி என்றால் மலர் போன்ற அடி, உவமைத்தொகை. அடிமலர் என்றால் அடியாகிய மலர், உருவகம். உவமை முன்னால் நின்றால் உவமைத்தொகை, பின்னால் போனால் உருவகம். இதைத் தனித்தனியாக இரண்டு பாடங்களில் படித்தால் தேர்வு அறையில் குழம்பும். ஒரே பக்கத்தில் எதிரெதிரே பார்த்தால் குழம்பாது. செய்தொழிலும் செய்த தொழிலும் அப்படித்தான், ஒன்று வினைத்தொகை, மற்றது பெயரெச்சம். ஆட்சியியலில் பிரிவு 110 பண மசோதா, 112 ஆண்டு நிதிநிலை அறிக்கை. 123 குடியரசுத் தலைவரின் அவசரச் சட்டம், 213 ஆளுநரின் அவசரச் சட்டம். ஒரு பக்கத்துக்கு ஓர் இணை போதும். அறுபது எழுபது இணைகள் சேர்ந்தால், அந்த நோட்டு உங்கள் கையில் உள்ள எந்த வழிகாட்டி நூலையும்விட உங்களுக்குப் பயன்படும். ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் நீங்கள் தடுக்கிய இடங்கள்.

‘ம’வுக்கு வேறு வைத்தியம். “எல்லாப் புத்தகமும் படித்துத்தான் போகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் திரும்பத் திரும்ப வாசிப்பது, தெரிந்துவிட்டது என்ற உணர்வைத் தரும் அளவுக்கு நினைவைத் தருவதில்லை. அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஒரு பகுதியைப் படிக்கச் செய்தார்கள். பிறகு அதையே இன்னொரு முறை படிப்பது ஒரு வகை, தாளை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதிப் பார்ப்பது இன்னொரு வகை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததே கொஞ்சம் கூடுதலாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்து அது 42 சதவீதமாக இறங்கியது, எழுதிப் பார்த்தது 56 சதவீதம் நின்றது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே ஒரு பாடத்தை 25 நிமிடம் படித்தால், புத்தகத்தை மூடி 15 நிமிடம் வெற்றுத்தாளில் நினைவிலிருப்பதை எழுதுங்கள். முதல் வாரம் பாதிகூட வராது. அப்போது “எனக்கு மண்டையில் ஏறவில்லை” என்று தோன்றும். வராததைத் தேடித் துழாவும் அந்த நேரத்தில்தான் அது பதிகிறது, எனவே நிறுத்தாதீர்கள். அதே பாடத்தை மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் என்று மூடிவைத்து எழுதிப் பாருங்கள். தாளின் மூலையில் அந்தத் தேதிகளை முன்கூட்டியே குறித்துவிட்டால் யோசிக்க வேண்டியிருக்காது.

கணக்கில் 25-க்கு 19. பி.காம். படித்தவருக்கு இது 23 ஆக வேண்டும். புதிய முறைகளைத் தேடாதீர்கள். பத்தாண்டு பழைய தாள்களில் உள்ள கணக்குகளை மட்டும் தலைப்புவாரியாகப் போடுங்கள்: தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், மீ.பொ.வ., மீ.சி.ம., பரப்பு, கொள்ளளவு, வேலையும் காலமும். ஒருவர் 12 நாளிலும் மற்றவர் 15 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேட்டால், பின்னத்துக்குள் போகாதீர்கள். மொத்த வேலையை 60 பங்கு என்று வையுங்கள். ஒருவர் நாளுக்கு 5, மற்றவர் 4, சேர்ந்து 9. 60-ஐ 9-ஆல் வகுத்தால் ஆறே முக்கால் நாளுக்குச் சற்றுக் குறைவு, சரியாக 6⅔. இரண்டு ஆண்டுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் கேட்டால், வட்டி வீதத்தை நூறால் வகுத்து, அதை இருமடி ஆக்கி, அசலால் பெருக்குங்கள். 10,000 ரூபாய்க்கு 8 சதவீதம் என்றால் 64 ரூபாய். தினம் ஐந்து கணக்கு போதும். ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது, கணக்கு கையில் இருப்பது, பழக்கம் விட்டால் கை மறந்துவிடும்.

இப்போது அந்த 11 கேள்விகள். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மார்க் பிடிப்பது கிடையாது. ஒரு கேள்விக்கு 1.5 மார்க், தவறினால் பூஜ்யம். ‘விடை தெரியவில்லை’ வட்டத்துக்கும் பூஜ்யம்தான். நான்கு விடைகளில் கண்ணை மூடி ஒன்றைக் குறித்தால்கூட 11-க்குச் சராசரியாக இரண்டு மூன்று சரியாக விழும். பொருந்தாத இரண்டை நீக்கிவிட்டுக் குறித்தால் ஐந்தாறு விழும். நேர்மையாகத் தெரியவில்லை என்று சொன்னதற்கு இங்கே எந்தச் சலுகையும் இல்லை, இழப்புதான். இனி ஒரு கேள்வியைக்கூட அப்படி விடாதீர்கள். எதையும் குறிக்காமல் வெற்றாக விடுவதும் கூடாது. கடைசியில் ஒவ்வொரு எழுத்திலும் எத்தனை குறித்தீர்கள் என்று எண்ணி நிரப்பச் சொல்லும் கட்டங்கள் இருந்தால், அதில் தவறு செய்தாலும் மார்க் பிடிப்பார்கள். நுழைவுச் சீட்டோடு வரும் அறிவுரைகளை அந்த ஆண்டுக்கு அந்த ஆண்டு வரி விடாமல் வாசியுங்கள். அதில் மாற்றங்கள் வருவதுண்டு.

மாதிரித் தேர்வை வீட்டில் எழுதும்போது கைப்பேசியில் எழுதாதீர்கள். ஓ.எம்.ஆர். தாளை நகல் எடுத்து, கருப்புப் பந்துமுனைப் பேனாவால், காலை 9.30 முதல் 12.30 வரை எழுதுங்கள். ஒரு வட்டத்துக்கு ஐந்து விநாடி என்றாலும் 200 வட்டத்துக்கு ஏறக்குறைய 17 நிமிடம் போகிறது, கைப்பேசித் தேர்வில் அது கணக்கிலேயே வருவதில்லை. தமிழுக்கு 55 நிமிடம், உடனே கணக்குக்கு 40, பிறகு பொது அறிவுக்கு 50, மீதி 35 நிமிடம் விட்டதைத் திரும்பப் பார்க்க. கணக்கைக் கடைசிக்குத் தள்ளினால் களைத்த மூளையோடு அவசரத்தில் போடுவீர்கள், ‘க’ தவறுகள் அங்கேதான் கூடும். பத்துக் கேள்விக்கு ஒருமுறை வட்டமிடுங்கள், ஒவ்வொரு தடவையும் கேள்வி எண்ணையும் வரிசை எண்ணையும் ஒத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டு வரிசை மாறிப்போவது நடக்கக்கூடியது, அதைக் கண்டுபிடிக்கும்போது அழிக்க வழியிருக்காது. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்வரை பதினைந்து நாளுக்கு ஒன்று, கடைசி எட்டு வாரம் வாரத்துக்கு ஒன்று போதும். தேர்வு எழுத மூன்று மணி நேரம் என்றால் அதைத் திருத்தி எழுத்துப் போட நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். திருத்தாத மாதிரித் தேர்வு வீண்.

இனி உங்கள் நாள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எட்டு மணி நேரம் படிப்பேன் என்று திட்டம் போடுகிறவர்கள் மூன்றாம் வாரம் முறிந்து விழுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை வைத்திருப்பவருக்கு அது மூன்றாம் நாளே நடக்கும். காலை 4.45 முதல் 6.15, பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு ஒரு மணி நேரம், இரவு அவன் தூங்கியதும் அரை மணி நேரம், மொத்தம் மூன்று மணி. ஞாயிறு விடுத்தால் வாரத்துக்கு 18 மணி நேரம். காலையில் புதிய பாடம், பகலில் கணக்கும் குழப்ப நோட்டும், இரவில் பழையதை மூடிவைத்து எழுதுவது. இரவு பத்துக்கு மேல் விழிக்காதீர்கள். தூக்கத்தில் கை வைத்தால் படித்ததிலும் கை வைத்த மாதிரி.

பிள்ளைக்குக் காய்ச்சல், தீபாவளிக்கு முந்தைய வாரம் தையல் குவிந்திருக்கிறது, ஊரில் விசேஷம். இந்த நாட்களுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவை இப்போதே எழுதி வையுங்கள்: குழப்ப நோட்டில் பத்து இணைகள், ஐந்து கணக்கு. இருபது நிமிடம். மிஷின் முன் உட்கார்ந்துகொண்டேகூட முடிக்கலாம். அதையும் செய்ய முடியாத நாள் வரும், வரட்டும். அடுத்த நாளும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டதற்காக மறுநாள் ஆறு மணி நேரம் படித்து ஈடுகட்டப் போகாதீர்கள். அது முடியாமல் போய், குற்ற உணர்ச்சி வந்து, பத்து நாள் புத்தகத்தையே தொடாமல் இருப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஓர் எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள்: குழப்ப நோட்டில் இந்த வாரம் மூடிவைத்துச் சொன்ன இணைகளில் எத்தனை தவறின. 30, 24, 25, 17 என்று அது ஏறி இறங்கிக் குறையும். தேர்வு முடிவு வெளியாகப் பல மாதம் ஆகும், அதுவரை மனதுக்குத் தீனி வேண்டும். உழைத்தது பலிக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறவருக்கு மறுநாள் எழுந்திருப்பது எளிது. நீங்கள் கேட்ட விடாமுயற்சி இந்த வகையில்தான் வரும், சிறிது சிறிதாக.

பணம். இன்னொரு முறை கோச்சிங்குக்குக் கட்டாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இயங்குகிறது, அங்கே போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் நடத்துகிறார்கள். விருதுநகர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தினமும் போக முடியாவிட்டால் மாதிரித் தேர்வுகளுக்காவது போங்கள், நூறு பேர் நடுவே எழுதும் பழக்கம் வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். செலவு என்றால் பழைய வினாத்தாள் நகல், ஓ.எம்.ஆர். தாள், இரண்டு நோட்டு.

உங்கள் கடிதத்தில் இல்லாத இரண்டு விஷயங்கள். தமிழ்வழியில் படித்தவரா நீங்கள்? பத்தாம் வகுப்புத் தரத்திலான பணிகளுக்கு ஒன்று முதல் பத்து வரை தமிழ்வழியில் படித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமை இடங்களுக்கு நீங்களும் தகுதி. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் உரிய படிவத்தில் சான்றிதழ் வாங்கி இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் அலைந்தால் தலைமை ஆசிரியர் விடுப்பில் இருப்பார். இரண்டாவது தட்டச்சு. தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை (ஹையர்) தட்டச்சு முடித்தவர்களுக்கு முதலிடம். ஒன்றில் முதுநிலை, மற்றதில் இளநிலை (லோயர்) இருந்தாலும் அடுத்த வரிசையில் தகுதி உண்டு. தகுதி உள்ளவர்கள் குறைவு என்பதால் இந்தப் பணிக்கான கட்-ஆஃப் பெரும்பாலும் இளநிலை உதவியாளரைவிட இறங்கியே இருக்கும். உங்களைப் போல் 146-149-ல் நிற்கிறவருக்கு இது பக்கவாட்டில் திறந்திருக்கும் கதவு. அரசு தட்டச்சுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. தையல் மிஷினில் பழகிய விரல்களுக்குத் தினம் ஒரு மணி நேரப் பயிற்சி பாரமாக இருக்காது. இந்தத் தேர்வு கிடைக்காமலே போனாலும் தட்டச்சும் கணினியும் தெரிந்தவருக்கு ஊரிலேயே வேலை உண்டு, அதனால் அந்த மணி நேரம் வீணாகாது.

தொடரவா விடவா என்பதற்கு என் கருத்து: இன்னும் இரண்டு முறை எழுதுங்கள், ஆனால் நிபந்தனையோடு. அடுத்த தேர்வு முடிவில் தரவரிசைச் சதவீதம் 2025-ஐவிடப் பாதியாகக் குறைந்திருந்தால் இரண்டாவது முறையும் முழு மூச்சாக எழுதலாம். நான் சொன்னபடி திருத்தியும் அது அசையவே இல்லை என்றால், இரண்டாவது முறையைக் குறைந்தபட்ச அளவில் வைத்துக்கொண்டு, நேரத்தைத் தட்டச்சு, கணினி, தையல் என்று வருமானம் தரும் பக்கம் திருப்புங்கள். இதை இப்போது, மனம் தெளிவாக இருக்கும்போது எழுதி வைக்க வேண்டும். முடிவு வந்த அன்று எடுக்கும் முடிவு கோபத்தில் எடுத்ததாகவோ ஆசையில் எடுத்ததாகவோ இருக்கும். உங்கள் இனப் பிரிவுக்கு எந்தப் பணிக்கு எந்த வயதுவரை எழுதலாம் என்பதையும் அறிவிக்கையில் பார்த்து அதே தாளில் குறியுங்கள்.

மாமியாருக்கும் அந்தத் தாளே பதில். “எத்தனை வருஷம்” என்று அவர் கேட்பதைக் குத்தலாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் முடிவு தெரியாமல் களைத்துப் போயிருக்கலாம். “அத்தை, இன்னும் ரெண்டு பரீட்சை. அதுக்கு மேல இல்ல. கோச்சிங்குக்குப் பணம் கேக்க மாட்டேன். காலைல ஆறேகால் வரைக்கும் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க” என்று சொல்லிப் பாருங்கள். முடியும் தேதி தெரிந்தால் பலர் கூட நிற்பார்கள். கணவரிடம் சனிக்கிழமை எண்ணைச் சொல்லுங்கள். “நல்லா படிச்சியா?” என்று அவர் கேட்பதைவிட “இந்த வாரம் எத்தனை தப்பு?” என்று கேட்பது உங்களுக்கு உதவும்.

புத்தகத்தைத் திறந்தாலே கண் கலங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். தோல்விக்குப் பிறகு சில வாரம் அப்படி இருப்பது இயல்பு, அதற்காகவே முதல் இரண்டு வாரம் படிப்பே வேண்டாம் என்றேன். ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிள்ளையிடம்கூடப் பேசப் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது படிப்புப் பிரச்சினை அல்ல. வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் ஆலோசகர்கள் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் காய்ச்சலுக்குப் போவதைப் போல்தான். அதைச் சரிசெய்துகொண்டு பிறகு படிப்புக்கு வாருங்கள், தேர்வு அடுத்த ஆண்டும் வரும்.

இந்த வாரம் மூன்று வேலை மட்டும்: தரவரிசையைக் கண்டுபிடித்து வகுத்துப் பார்ப்பது, விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் அச்செடுப்பது, தட்டச்சுப் பயிலகத்தில் அடுத்த தேர்வுக்குக் கடைசித் தேதி எப்போது என்று கேட்டு வருவது. 54 கேள்விக்கும் எழுத்துப் போட்டு முடித்ததும் எந்த எழுத்து எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை வாரம் ஒதுக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.